கப்பலில் டெக் வேலைக்குப் போகலாமா? டெல்டாப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

நான் நாகை மாவட்டம் திருமருகல் பக்கத்து ஆள். அப்பா குத்தகைக்கு நிலம் பார்த்தவர். நான் டெக் (கப்பலின் மேல்தளம்) பையனாகக் கப்பலேறி, ஓ.எஸ். (சாதாரண மாலுமி), ஏ.பி. (தேர்ந்த மாலுமி) என்று படிப்படியாக வந்து இப்போது போசனாக, அதாவது டெக் ஆட்களின் தலைவனாக இருக்கிறேன். லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பையன்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், அவர்களுடைய அம்மாக்கள் வேறு மாதிரி கேட்பார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வாய் வலிக்காது என்று உட்கார்ந்துவிட்டேன்.

டெக் வேலை என்றால் கப்பல் ஓட்டுவதா? நேவி என்கிறார்களே, அதுவா?

இந்தியக் கடற்படை வேறு, மெர்ச்சன்ட் நேவி வேறு. இது சரக்குக் கப்பல், துப்பாக்கிக்கு வேலை இல்லை. நிலக்கரி, எண்ணெய், கோதுமை, கன்டெய்னர் என்று எதையாவது ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்போம். கேப்டனும் அவருக்குக் கீழே உள்ள அதிகாரிகளும் கப்பலை நடத்துவார்கள். நாங்கள் ரேட்டிங், அதாவது கையால் வேலை செய்கிறவர்கள். கயிறு கட்டுவது, துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, சரக்கறை கழுவுவது, இரவில் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறை) நின்று கண்காணிப்பது, துறைமுகத்தில் கேங்வே ஏணியடியில் காவல் இருப்பது எல்லாம் எங்கள் பாடு. சுக்கான் பிடிப்பதும் உண்டு. அது கடைசியில்தான் கைக்கு வரும்.

என் மகன் அக்கரைப்பேட்டையில் விசைப்படகில் போகிறவன். நன்றாக நீந்துவான், வலை இழுப்பான். அது போதாதா?

அம்மா, உங்கள் மகனுக்குக் கடல் பயம் இருக்காது, தலைசுற்றாது, அது நல்லதுதான். ஆனால் மீன்பிடி அனுபவம் சரக்குக் கப்பலில் கடற்சேவையாகக் கணக்கில் வராது. பத்து வருடம் படகில் போனவனும் நேற்று பள்ளிக்கூடம் முடித்தவனும் ஒரே வரிசையில் நின்றுதான் பயிற்சிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலோரப் பையன்கள் கப்பலைப் பெரிய படகு என்று நினைத்து வருகிறார்கள். அது படகு இல்லை, மிதக்கிற தொழிற்சாலை. என் கணக்கில், நடவு, களை, அறுப்பு என்று ஒரே வேலையை முகம் சுளிக்காமல் நாள் பூராவும் குனிந்து செய்து பழகிய வயற்காட்டுப் பையன்கள்தான் சீக்கிரம் பொருந்துகிறார்கள். கடலோரத்து ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

என்ன படித்திருக்க வேண்டும்?

ஜி.பி. ரேட்டிங் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. டெக், எஞ்சின் இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். 6 மாதம், தங்கிப் படிக்க வேண்டும். 10ஆம் வகுப்பில் மொத்தத்தில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் 40 சதவீதமும் வேண்டும். வயது பதினேழரையிலிருந்து 25க்குள். சேருவதற்கு முன் அந்த வருடத்து அறிவிப்பை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், நாங்கள் டி.ஜி. ஷிப்பிங் என்போம், அங்கீகரித்த நிறுவனமாக இருக்க வேண்டும். அங்கீகாரப் பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. சுவரொட்டியில் நங்கூரம் போட்டிருப்பதெல்லாம் அங்கீகாரம் ஆகாது.

பணம் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கல் எடுத்துவிடுங்கள். டி.ஜி. ஷிப்பிங் அனுமதித்த டாக்டர்கள்தான் பார்க்க வேண்டும். முக்கியமாக நிறக்குருடு. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் ஒரே நிறமாகத் தெரிகிறவனை யாரும் பிரிட்ஜில் நிறுத்த மாட்டார்கள். என்னோடு சேர வந்த ஒரு பையன் 19 வயது வரை தனக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாமல் இருந்தான். புள்ளிப்புள்ளியாக அச்சடித்த அந்தப் புத்தகத்தைத் திருப்பும்போது டாக்டர் கேட்ட எண் எதுவும் அவன் கண்ணில் படவில்லை. கட்டிய பணம் போனது போனதுதான்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

முதலில் பாஸ்போர்ட். தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டத்துக்காரர்களுக்குத் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும். அந்த ஒரு எழுத்துக்காக ஆறு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் இன்டோஸ் எண். இந்திய மாலுமிகள் பதிவேட்டில் உங்கள் எண், ஆயுள் முழுக்க ஒன்றுதான். அடுத்தது அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள்: கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி, கப்பல் ஒழுங்கு, பாதுகாப்புக் காவல். இதெல்லாம் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற 1978ஆம் வருட உலக ஒப்பந்தப்படி நடப்பவை. பிறகு சி.டி.சி. இது மாலுமியின் கைப்புத்தகம். 10 வருடம் செல்லும். எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறினீர்கள், இறங்கினீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அதில் பதிவார்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவனைக்கூடப் பார்த்துச் சிரிப்பார்கள், சி.டி.சி.யைத் தொலைத்தவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகும் கப்பல் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் வேண்டும். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கொடுத்தால் உடனே கப்பல் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்த ஒரு பதிலை மட்டும் படித்துவிட்டு எழுந்து போனாலும் எனக்குச் சந்தோஷம்.

கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்கள் வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2016ஆம் வருட விதி அது. அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டியவர் கப்பல் முதலாளி. பாஸ்போர்ட், சி.டி.சி., மெடிக்கல் இந்தச் செலவுதான் உங்களுடையது. விசா, விமான டிக்கெட் முதலாளி பாடு. இதை ஒரு தாளில் எழுதி ஏஜென்ட் முன்னால் வையுங்கள், அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சி முடித்த வருடம் சென்னையில் ஒரு ஆள் எண்பதாயிரம் கேட்டார். அம்மாவின் சங்கிலி திருவாரூரில் அடகுக்குப் போனது. மண்ணடியில் ஒரு லாட்ஜில் எட்டுப் பேரை ஒரே அறையில் போட்டார். "அடுத்த வாரம் டிக்கெட்" என்று மூன்று மாதம் சொன்னார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாங்கள் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போவோம். ஒரு திங்கட்கிழமை அங்கே பூட்டுத் தொங்கியது. ஊருக்குப் போக வெட்கப்பட்டு இன்னும் இரண்டு வாரம் அதே லாட்ஜில் கிடந்தேன். சங்கிலி முழுகிப்போனது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது முறைகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. சிலர் வேறு நாட்டு சி.டி.சி. வாங்கித் தருகிறேன், பயிற்சியே வேண்டாம் என்கிறார்கள். சிலர் துபாய்க்கோ ஈரானுக்கோ சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே ஏதோ ஒரு பழைய படகில் ஏற்றிவிடுகிறார்கள். சம்பளம் வராது, தண்ணீர் வராது, முதலாளி கைவிட்டுப் போய்விடுவார். மாதக்கணக்கில் நங்கூரத்தில் கிடக்கும் அப்படிப்பட்ட ஒரு கப்பலுக்கு நாங்கள் அரிசி மூட்டை இறக்கிக் கொடுத்திருக்கிறோம். கயிற்றில் மூட்டையைக் கட்டி இறக்கும்போது கீழே கை நீட்டியவர்களில் ஒருவர் "நாகூரா அண்ணே?" என்றார். என் பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

உரிம எண்ணைக் கேளுங்கள். டி.ஜி. ஷிப்பிங் பட்டியலில் அந்த எண்ணும் முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கப்பலின் பெயர், அதன் ஐ.எம்.ஓ. எண் (கப்பலுக்குக் கப்பல் மாறும் அடையாள எண்), கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இந்த மூன்றும் கைக்கு வராமல் பெட்டி கட்டாதீர்கள். உரிமம் இருந்தாலும் வேலை உடனே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். பயிற்சி முடித்தவர்கள் நிறையப் பேர், முதல் கப்பல் கிடைப்பதுதான் மலை. ஒரு வருடம் காத்திருந்தவர்களும் உண்டு. அந்தக் காத்திருப்பைத்தான் ஏஜென்ட் விலை பேசுகிறார்.

சம்பளம் எவ்வளவு?

உலகத் தொழிலாளர் அமைப்பு ஏ.பி. பதவிக்கு ஒரு குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் வைத்திருக்கிறது. 2025இல் அது மாதம் 673 டாலராக இருந்தது. ஓவர்டைம், விடுப்புச் சம்பளம் சேர்ந்தால் கைக்கு வருவது அதைவிடக் கூடும். புதிதாக ஏறும் டிரெய்னிக்கு அதெல்லாம் கிடையாது, மிகக் குறைவாகத்தான் தொடங்கும். சாப்பாடும் தங்குமிடமும் கப்பலில் இலவசம். அங்கே செலவு செய்ய இடமும் இல்லை, அதனால் சிக்கனமாக இருந்தால் மொத்தமும் வீட்டுக்கு வரும்.

ஆனால் கப்பலில் இருக்கும் மாதத்துக்குத்தான் சம்பளம். ஊரில் லீவில் இருக்கும் மாதங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லாதீர்கள். சொன்னவர்கள் பட்ட பாடு தெரியும்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும், அண்ணே?

காலை ஆறு மணிக்கு டெக் முழுக்கப் பனி ஈரமாக இருக்கும். ஹேட்ச் மூடிக்கு (சரக்கறையின் மூடி) பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு, சிப்பிங் சுத்தியலால் துருவைத் தட்ட வேண்டும். டொக் டொக் என்று நாலு மணி நேரம். ஒவ்வொரு தட்டுக்கும் பெயின்ட் சில்லு சில்லாகப் பெயரும். பழைய கப்பல் என்றால் அந்தச் சில்லைத் திருப்பிப் பாருங்கள். மேலே பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அப்புறம் சிவப்பு, மறுபடி பச்சை. கப்பல் எத்தனை முதலாளி கைமாறியிருக்கிறது என்று அடுக்கடுக்காகத் தெரியும். கடைசி அடுக்கும் போனால் இரும்பு வெள்ளி மாதிரி பளபளக்கும். அதன் மேல் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, சாயங்காலத்துக்குள் பிரைமர் அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் உப்புக் காற்றில் ஒரே ராத்திரியில் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும்.

முன்னாலிருந்து தட்டிக்கொண்டே பின்னால் போய்ச் சேருவதற்குள் முன்னால் மறுபடி துருப்பிடித்திருக்கும். வரப்பில் புல் வெட்டுவது மாதிரிதான்.

பொதுவாகக் காலை 4-8, 8-12, 12-4 என்று நாலு நாலு மணி நேர வாட்ச் (காவல் முறை), பகலில் ஒன்று, இரவில் ஒன்று. வாட்சில் இல்லாதவர்கள் பகல் வேலை. துறைமுகம் வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் குலைந்துபோகும். ஆனாலும் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. ஓய்வு நேரத்தைப் பதிகிற தாளில் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். தூங்காத நேரத்தைத் தூங்கியதாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். கேட்பது சுலபம் என்று சொல்ல மாட்டேன்.

சுக்கான் எப்போது கைக்கு வரும்?

பயிற்சிக்குப் பிறகு 6 மாதம் கடற்சேவை முடித்து, வாட்ச்கீப்பிங் சான்றிதழ் வாங்கினால் அதிகாரப்பூர்வமாகப் பிடிக்கலாம். அதற்கு முன்பே நடுக்கடலில் நல்ல அதிகாரி இருந்தால் பக்கத்தில் நின்று கற்றுத் தருவார்.

"போர்ட் டென்" (இடப்பக்கம் பத்து) என்று அதிகாரி சொன்னால் நீங்களும் "போர்ட் டென்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். சுக்கான் 10 பாகை வந்ததும் மறுபடி சொல்ல வேண்டும். முதல் நாள் நான் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். இருட்டில் தலையாட்டுவது யாருக்குத் தெரியும்? 200 மீட்டர் கப்பல் உடனே திரும்பாது. ஒன்றும் நடக்கவில்லையே என்று நீங்கள் இன்னும் கொஞ்சம் திருப்புவீர்கள். அப்போதுதான் மூக்கு அசையத் தொடங்கும். தொடங்கினால் நிற்காது. நிறுத்த எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அந்தத் தாமதம் கைக்குப் பழக இரண்டு மாதம் ஆனது.

ஒரு சின்ன விஷயம். சுக்கான் என்பது அரபியிலிருந்து வந்த சொல். சுக்கான் பிடிப்பவருக்குச் சுக்கானி, டெக் தலைவனுக்குச் சாரங் என்று பேர். சாரங் பாரசீகச் சொல். நாகூர்ப் பெரியவர்கள் என்னை இன்றைக்கும் போசன் என்று சொல்வதில்லை, "சாரங்கு வந்துட்டாரு" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கிறது.

புயல் வந்தால் என்ன செய்வீர்கள்? பயமாக இருக்காதா?

கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது நான் வீட்டில் இருந்தேன். கப்பலில் பார்த்த எந்தப் புயலிலும் அவ்வளவு பயந்ததில்லை. கப்பலுக்கு வானிலைச் செய்தி முன்பே வந்துவிடும், வழியை மாற்றிக்கொள்வார்கள்.

டெக்கில் ஆளைக் கொல்வது இரண்டு. ஒன்று, கயிறு. கப்பலைத் துறையில் கட்டும்போது கயிறு இழுபட்டு முறுக்கேறும். அறுந்தால் ரப்பர் மாதிரி திரும்பி வீசும், கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில். அறுவதற்கு முன்னால் கயிறு கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். என் இரண்டாவது கப்பலில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னவென்று நின்று பார்த்தேன். கிழட்டு போசன் ஒருவர் தோளால் என்னை இடித்துத் தள்ளினார். விழுந்து எழுந்து பார்த்தால், நான் நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த கைப்பிடிக் கம்பி வளைந்து கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சுருட்டைப் பற்ற வைக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து முறுக்கேறிய கயிற்றின் நேர்கோட்டில் நான் நிற்பதில்லை, என் பையன்களையும் நிற்கவிடுவதில்லை.

இரண்டாவது, மூடிய இடம். சரக்கறை, தண்ணீர்த் தொட்டி, நங்கூரச் சங்கிலி அறை. நிலக்கரியும் மரமும் தானியமும் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். சங்கிலி அறையில் சரக்கே வேண்டாம், துருப்பிடிக்கும் இரும்பே தின்றுவிடும். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் மணமும் வராது, மூச்சும் முட்டாது, ஏணியில் இறங்கிய ஆள் அப்படியே சரிவார். அவரைத் தூக்க இன்னொருவர் ஓடுவார், அவரும் சரிவார். நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்களே, அதே விஷயம்தான். கப்பலில் விளக்கை இறக்கக் கூடாது, வாயு பற்றிக்கொள்ளும். மீட்டர் வைத்து அளந்து, அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்கி, வாசலில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். சீட்டு இல்லாமல் இறங்கு என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள். வேலை போனால் போகட்டும்.

சோறு கிடைக்குமா?

இந்தியக் குழு என்றால் கிடைக்கும். சமையல்காரர் வடக்கத்தியர் என்றால் சாம்பாரில் சர்க்கரை இருக்கும். பழகிவிடும்.

தலைசுற்றல், வாந்தி?

மூன்று நாள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், காய்ந்த ரொட்டி தின்னுங்கள், தொடுவானத்தைப் பாருங்கள். வாளியைக் கையில் வைத்துக்கொண்டே பெயின்ட் அடித்தவன் நான்.

எத்தனை மாதம் வீட்டை விட்டு இருக்க வேண்டும்? நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்?

ரேட்டிங்குகளுக்குப் பெரும்பாலும் 9 மாத ஒப்பந்தம். குறுவைக்கு நாற்று விடும்போது போனால் சம்பா அறுத்து முடிந்த பிறகு திரும்பலாம். தீபாவளி, பொங்கல் இரண்டும் போய்விடும். 2006ஆம் வருடக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி 12 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது, ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பும் செலவும் முதலாளியுடையது. இந்தியா 2015இல் இதை ஏற்றுக்கொண்டது.

என் அப்பா தவறியபோது நான் அட்லாண்டிக்கில் இருந்தேன். கேப்டன் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது. அடுத்த துறைமுகம் எட்டு நாள். கப்பலைத் திருப்பச் சொல்ல முடியாது, சொல்லவும் தோன்றவில்லை. அன்று மத்தியானம் எனக்கு வேலை வேண்டாம் என்றார்கள். நான்தான் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்த் தட்டினேன். கருமாதிக்கு முதல் நாள் வீடு வந்து சேர்ந்தேன். கொள்ளி வைத்தது தம்பி. வயதான பெற்றோர் இருக்கிறவர்கள் கிளம்பும் முன் இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

சம்பளம் தரவில்லை, அடிக்கிறார்கள் என்றால் யாரிடம் போவது?

முதலில் கப்பலிலேயே புகார் செய்யும் முறை இருக்கிறது, ஏறும்போதே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அனுப்பிய நிறுவனம், டி.ஜி. ஷிப்பிங், மும்பையில் உள்ள நுசி மாலுமிகள் சங்கம். வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஐ.டி.எஃப். (உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு) ஆய்வாளர்கள் உண்டு, இந்தியத் தூதரகம் உண்டு. சங்கத்தில் சேர்ந்து சந்தா கட்டுங்கள். கட்டாதவர்கள்தான் இரவு இரண்டு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள்.

நம்ம ஊரிலேயே கப்பல் வேலை கிடையாதா? காரைக்கால் துறைமுகம் இருக்கிறதே?

நாகூருக்குப் பக்கத்தில் வாஞ்சூரில் 2009இல் வந்த துறைமுகம் அது, அதிகமும் நிலக்கரி. அங்கே வரும் கப்பலுக்கு அங்கே ஆள் எடுப்பதில்லை. கப்பலை இழுத்துக் கட்டும் டக் படகுகளில் வேலை உண்டு. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அந்தச் சேவை பின்னால் வெளிநாட்டுக் கப்பலுக்கு எந்த அளவு கணக்கில் வரும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். நின்று, மறுபடி 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் ஓடியது. சின்னக் கப்பல், சில பேருக்குத்தான் வேலை.

பெரியவர்கள் ரஜூலா கப்பலைச் சொல்லுவார்கள். சென்னையிலிருந்து நாகை வந்து பினாங்கு, சிங்கப்பூர் போன கப்பல். ஆழம் இல்லாததால் தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். ரஜூலா ஓடியது 1970களின் தொடக்கம் வரைதான்.

பெண் பிள்ளைகள் போகலாமா?

போகலாம், போகிறார்கள். அதிகாரிகளாகத்தான் கூடுதல். டெக் ரேட்டிங்கில் இன்னும் குறைவு.

கடைசியாக, பெட்டியில் என்ன வைப்பது?

இரண்டு கைலி, பழைய பனியன்கள், நல்ல காலுறை ஆறு ஜோடி. கப்பலில் ஷூ தருவார்கள், காலுறை தர மாட்டார்கள். தலைவலித் தைலம். பவர் கண்ணாடி போடுகிறவர் என்றால் இரண்டு. காகிதங்கள் எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். விமானத்தில் பெட்டி தொலையும்.

வீட்டில் ஊறுகாய் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பாட்டிலை இரண்டு பை போட்டு இறுக்கிக் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள், கைப்பைக்குள் வேண்டாம். காலாவதியான என் முதல் சி.டி.சி. பீரோவில் இருக்கிறது. அதன் ஓரத்தில் அம்மா போட்ட நார்த்தங்காயின் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.